நான் எழுதிய மகஜர்

கடந்த வாரம் ஒரு மாலைப் பொழுதில் எமது ஒழுங்கையைச் சேர்ந்த மூவர் என் வீட்டுக்கு வந்திருந்தனர். ஒழுங்கையின் முகப்பிலுள்ள பழைய வீடொன்றைப் பழரசக் கடையாக மாற்றுவதற்கு ஓர் இளைஞர் அனுமதி கேட்டிருக்கிறாராம். அதனை ஆட்சேபித்து மகஜர் ஒன்று அனுப்ப வேண்டுமாம். "ஐயா, உங்களை விட்டால் எழுத ஆர் இருக்கினம்?" என்றார் மூவரில் இளையவர்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பேனா பிடித்தவனுக்கு ஒழுங்கை வழங்கும் கௌரவம் இது. முறைப்பாட்டுக் கடிதங்களும் மரண அறிவித்தல்களும் என்னிடமே வந்து சேரும். வழமையாக நான் மறுப்பதில்லை. அன்று உடனே விடையளிக்க முடியவில்லை. 2003 ஆம் ஆண்டில் இதே ஒழுங்கைக்காக நான் எழுதிய வேறொரு மகஜர் நினைவுக்கு வந்துவிட்டது.

வெள்ளவத்தையை அறிந்தவர்களுக்கு எமது ஒழுங்கையை விளக்க வேண்டியதில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பல ஒழுங்கைகளில் அதுவும் ஒன்று. வீதியோரத்தில் கடைகள், உள்ளே வீடுகள். வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த 1995 ஆம் ஆண்டுக்குப் பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து இரு பிள்ளைகளுடன் வந்த ஒரு பெண்மணி அங்கே ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார். கணவரை இழந்தவர். இடியப்பமும் சொதியும் செய்து வீடுகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார். எங்கள் வீட்டிலும் வாரத்தில் மூன்று நாட்கள் அவருடைய இடியப்பந்தான்.

2003 இல், வீட்டு உரிமையாளரின் சம்மதத்துடன், முன்னறைகள் இரண்டையும் சிறு சாப்பாட்டுக் கடையாக்க அவர் விண்ணப்பித்தார். ஒரு கல்லைக் கூட அசைக்கவில்லையே, இதற்கு ஏன் அனுமதி என்று வாசகர்கள் கேட்கலாம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் திருத்தங்களும் கட்டடம் கட்டுவதை மாத்திரம் கட்டுப்படுத்தவில்லை. இருக்கும் கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் அவற்றின்படி 'அபிவிருத்தி நடவடிக்கை'யே. அதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். இது வீண் சட்டமன்று. குடும்பங்களுக்கென அமைந்த வடிகானில் உணவகத்தின் எண்ணெய்க் கழிவு இறங்கினால் என்னவாகும் என்பதை மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் அறிவர்.

ஒழுங்கை கொதித்தெழுந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மகஜரை நான் எழுதினேன். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் அதைத் தம் மொழியில் ஆக்கித் தந்தார். முஸ்லிம் அன்பர் ஒருவர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். இனப் பிரச்சினைக்குத் தீர்வு காணப் பேச்சுவார்த்தை மேசையில் முடியாதிருந்த ஒற்றுமை, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எதிராக எங்கள் ஒழுங்கையில் மலர்ந்தது.

வாகன நெரிசல், புகை, வடிகான், வதிவிட அமைதி என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஐந்தாவதாக, 'அந்நியர் நடமாட்டத்தினால் பாதுகாப்புக்குப் பங்கம் ஏற்படும்' என்றும் எழுதினேன். சோதனைச் சாவடிகளில் 'எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய்' என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்காகப் பதில் சொல்லி நின்றவன் நான். என்னைக் குத்திய சொல்லையே எடுத்து, எங்களுக்கு இடியப்பம் அவித்துத் தந்த பெண்ணின் மீது எறிந்தேன். எழுதும்போது அது உறைக்கவில்லை.

அனுமதி கிடைக்கவில்லை. சில நாட்களின் பின்னர் ஒழுங்கையில் என்னைக் கண்டு நின்றார்.

"விசாரணைக்குப் போனவிடத்தில் கடிதத்தைக் காட்டினவை அண்ணை. வாசிச்ச உடனேயே நீங்கள் எழுதினது எண்டு விளங்கிவிட்டுது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். இடியப்பம் வழமைபோல மறுநாளும் வந்தது. அடுத்த ஆண்டு அவர் வீடு மாறிச் சென்றார்.

போர் முடிந்த பின்னர் அந்த வீடும் பக்கத்து வளவும் விலைபோயின. பல மாடிகள் கொண்ட தொடர்மாடி எழப்போவதாக அறிந்து மீண்டும் ஒன்றுகூடினோம். என் பழைய மகஜரின் பிரதியைத் தேடியெடுத்தேன். 'இது வதிவிடப் பகுதி, வதிவிடமாகவே இருக்க வேண்டும்' என்று அதில் மூன்று இடங்களில் வாதிட்டிருந்தேன். தொடர்மாடியும் வதிவிடந்தானே! ஆறு மேசைகளை அந்தச் சொல்லால் தடுத்தோம். அதே சொல்லின் துணையோடு முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான கட்டடம் முறையான அனுமதியுடன் எழுந்தது. நெரிசல், மின்பிறப்பாக்கிப் புகை, நிரம்பி வழியும் வடிகான் என்று நான் அஞ்சி எழுதியவை யாவும் வந்தன. 'அந்நியரும்' வந்தனர். அவர்களிற் சிலர் இன்று என் நெருங்கிய நண்பர்கள். பழரசக் கடைக்கு எதிராக என்னிடம் வந்த மூவரில் இருவர் அந்தத் தொடர்மாடிவாசிகள்.

அவர்களிடம் ஒன்றைத்தான் கேட்டேன். "அந்தத் தம்பியோடை ஆரும் கதைச்சுப் பாத்தீங்களோ?" ஒருவரும் கதைக்கவில்லை. 2003 இல் நானும் கதைக்கவில்லை. நாலடி நடந்து சென்று, 'தங்கச்சி, எத்தனை மணி வரை கடை திறப்பீர்கள்? கழிவுக்கு என்ன வழி?' என்று கேட்டிருக்கலாம். பேட்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவன், கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் எழுதினேன்.

மறுநாள் நால்வருமாக அந்த இளைஞரிடம் சென்றோம். இரவு ஒன்பது மணியுடன் கடையை மூடச் சம்மதித்தார். வாகனங்களை முற்றத்திலேயே நிறுத்துவிப்பதாகவும் சொன்னார். பழக் கழிவை எங்கே சேர்ப்பது என்பதற்கு மாத்திரம் அவரிடம் தெளிவான பதில் இல்லை. ஆகவே, அந்த ஏற்பாட்டை நிபந்தனையாக்குமாறு கேட்டு அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னர் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, தானும் அதில் கையொப்பமிடலாமா என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி இப்போது மகனுடன் கனடாவில் இருப்பதாகக் கேள்வி. எனது எழுத்துகளை அங்கும் சிலர் வாசிக்கிறார்கள். இதுவும் அவர் கண்ணில் படக்கூடும். படுமாயின், தங்கச்சி, அந்த ஐந்தாவது காரணத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.