அக்காவோட ஸ்லைடும் என் மண்டைக் குடைச்சலும்

பரீட்சை எல்லாம் ஒரு வழியா முடிஞ்சு இப்பத்தான் மூச்சு விட நேரம் கெடைச்சிருக்கு. இந்தத் தடவை கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். பவர்பாயிண்ட் ஸ்லைடைக் குரலோட சேத்து வீடியோவா ஆக்குறது எப்படி? "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு நினைச்சுத்தான் நானும் எறங்கினேன். :-)

விஷயம் என்னன்னா, எங்க அக்கா சுசீந்திரம் பக்கத்துல வீட்டுலயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கா. போன மாசம் கல்யாணம் முடிஞ்சுது. அத்தானுக்கு மஸ்கட்ல வேலை. விசா வந்ததும் அக்கா கெளம்பிருவா. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச்ல. "லேய் மக்கா, நிலைமின்னியல்ல இருந்து எல்லாத்துக்கும் ஸ்லைடு போட்டு வச்சிருக்கேன். நான் பேசுகதையும் சேத்து வீடியோவா ஆக்கித் தா, நான் போன பொறவும் பிள்ளைய பாத்துப் படிக்கும்"னா.

நம்மகிட்ட இருக்கது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். காசு குடுத்து வாங்குற கேம்டேசியா மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் ஆரம்பத்துலயே அவுட். பாக்கப்போற பிள்ளைகள்கிட்ட இருக்கது வீட்டுக்கு ஒரு மொபைல், அதுவும் அப்பா வேலை முடிஞ்சு வந்த பொறவுதான் கைக்குக் கெடைக்கும். அதனால ஃபைலும் சின்னதா இருக்கணும்.

எல்லாரும் சொல்லுக பேரு ஓ.பி.எஸ். ஸ்டுடியோ. இலவசம், ஓப்பன் சோர்ஸ், லினக்ஸ்லயும் ஓடும். ஸ்லைடு பெருசா, ஓரத்துல வாத்தியார் முகம் சின்னதான்னு எப்படி வேணும்னாலும் அடுக்கிக்கலாம். இதுல ஒரு டிப்ஸ்: எம்.கே.வி. ஃபார்மட்ல பதிவு பண்ணுங்க. நடுவுல கரண்ட் போனாலும் அதுவரைக்கும் எடுத்தது தப்பிக்கும். சாதாரண எம்.பி.4ல எடுத்தா மொத்த ஃபைலும் தெறக்காமப் போகலாம். பொறவு அதுக்குள்ளயே இருக்க ரீமக்ஸ் மெனுவுல எம்.பி.4 ஆக்கிக்கலாம். ஆனா ஒரே ஓட்டமாப் பேசணும். எட்டாவது நிமிஷத்துல நாக்கு கொளறினா, அப்புறம் எடிட்டர்ல வெட்டி ஒட்டணும். அக்காவுக்கு அது ஒத்துவராது.

விண்டோஸ் 10ல இருந்து கேம் பார்னு ஒண்ணு கூடவே வருது (விண்டோஸ் பட்டனோட ஜி). அவசரத்துக்கு ஆகும். ஆனா ஒரு ஜன்னலைத்தான் புடிக்கும், வேற ஜன்னலுக்குத் தாவினா அது வீடியோவுல வராது.

கடைசில விடை பவர்பாயிண்ட்டுக்குள்ளயேதான் இருந்துச்சு! 2010 வெர்ஷன்ல இருந்தே வீடியோவா சேமிக்கலாம். இதுல குரல் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியா ஒட்டிக்கிடும். 12வது ஸ்லைடுல தப்பாச் சொன்னா அதை மட்டும் திரும்பப் பேசினாப் போதும். ஒரே ஒரு கண்டிஷன்: ஸ்லைடு மாறுற அந்த நொடியில பேசுனா பதிவாகாது. மாறி முடிஞ்ச பொறவு பைய ஆரம்பிக்கணும். ஐஐடி பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல் பாத்திருக்கியளா? திரையில ஓடுற வீடியோ ஒண்ணுதான், குரலை மட்டும் தமிழ், மலையாளம்னு மாத்தி ஒட்டியிருப்பாங்க. படமும் குரலும் தனியா இருந்தா எவ்வளவு வசதின்னு அதுல புரியும்.

இப்ப சைஸ் கணக்கு. நொடிக்கு 2500 கிலோபிட்னு வச்சா 10 நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 190 எம்.பி. 500 கிலோபிட்னா வெறும் 38. ஸ்லைடு என்ன சினிமா சண்டைக் காட்சியா, அசையாம நிக்கிற படம்தானே? பெரிய எழுத்தாப் போட்டு 480பி-ல எடுத்தா மொபைல்ல நல்லாவே தெரியுது.

சாஃப்ட்வேரைக் கூட சமாளிச்சுடலாம், இந்த சத்தத்தை என்ன செய்ய? நம்ம ஊருக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை. எங்க மாடி தகரக்கூரை வேற. மழை விட்டா கோயில் ஸ்பீக்கர். அதனால மத்தியானம் 2 மணிக்கு, ஃபேனை ஆஃப் பண்ணி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து ஒழுக ஒழுகப் பதிவு. லேப்டாப் மைக்கை விட மொபைலோட வந்த ஹெட்செட் மைக் எவ்வளவோ தேவலை.

முதல் பாடத்துல அக்கா டிவி நியூஸ் மாதிரி செந்தமிழ்ல பேசினா. கேக்கவே வேற யாரோ மாதிரி இருந்துச்சு. "இது வேற ஊரு பிள்ளைய பாத்தா சிரிக்காதால?"ன்னு கேட்டா. "பாக்கப்போறது நம்ம பிள்ளையதானக்கா, டியூஷன்ல பேசுக மாதிரியே பேசு"ன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை, "கூலூம் விதின்னா பேடிக்காண்டாம், கேட்டியளா?"ன்னு ஆரம்பிச்சா பாருங்க, அதான் எங்க அக்கா!

மொத்தம் 11 அலகுல இதுவரைக்கும் 6 முடிஞ்சிருக்கு. அத்தான் நேத்து போன் பண்ணி, விசா அடுத்த வாரம் வந்துரும்னாரு. அம்மா சந்தோஷமா முறுக்கு சுத்துகா. ஒளியியல் ரெண்டும் பாக்கி, அக்கா இப்பத்தான் அதுக்குப் படம் வரைஞ்சுகிட்டு இருக்கா. வெளிய மழை வேற இருட்டிக்கிட்டு வருது.