பிசினுள் உறங்கும் பழமை

பழமை என்ற அளவில் பேரரசுகளும் கோட்டைகளும் நம் நினைவிற்கு வருகின்றன. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுயிர்க்கும் நெடிய வரலாறு உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பண்டைய மரங்களில் வடிந்த பிசின் மண்ணுள் புதைந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லானதே அம்பர் ஆகும். வட இத்தாலியின் டோலமைட் மலைப்பகுதியில் கிடைத்த அம்பர்த் துளிகளின் அகவை ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள்; அளவோ 2 முதல் 6 மில்லிமீட்டர். ஆய்வாளர்கள் சுமார் 70,000 துளிகளைப் பொறுமையுடன் நோக்கினர். அவற்றுள் கிடைத்தவை ஒரு சிறு ஈயின் உடற்பகுதியும் சிலந்தியின் உறவினமாகிய நுண்பேன்கள் இரண்டுமே! 2012-இல் வெளியான இவ்வாய்வு அவற்றிற்கு ட்ரையாசகாரஸ், ஆம்பெசோவா எனப் பெயர் சூட்டியது. ஒரு மில்லிமீட்டரில் காற்பங்கும் இல்லாதவை அவை.

இவற்றின் இனத்தார் இன்றும் வாழ்கின்றனர். ஏனைய நுண்பேன்களுக்கு எட்டுக் கால்கள், இவ்வினத்திற்கு நான்கே. புழுப்போல் நீண்ட உடல் அன்றும் அதுவே, இன்றும் அதுவே. பூக்கும் தாவரங்கள் பல்கிப் பெருகாத அக்காலத்தில் ஊசியிலை மரங்களை அண்டி வாழ்ந்த இவ்வினம், பின்னர்ப் பூக்கும் தாவரங்களுக்குக் குடிபெயர்ந்தது. இன்றுள்ள வகைகளுள் நூற்றுக்கு 97 அவற்றையே சார்ந்துள்ளன.

அவற்றுள் ஒன்றை நான் நன்கறிவேன். 1998-இல் கேரளத்தில் காணப்பட்டுப் பின்னர்த் தமிழகத்திலும் பரவிய தென்னை ஈரியோபைட் சிலந்தியே அது. எங்கள் தோப்பிலும் குரும்பைகள் உதிர்ந்தன. எஞ்சிய காய்களோ மேனி வெடித்துச் சிறுத்தன. தேங்காய் விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம் எங்களுடையது. அவ்வாண்டு வரவு குன்றியபோது என் தந்தையார் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய காலத்தே வாழ்ந்து, அவை அழிந்த பின்னும் நிலைத்த குலம் இது. ஓராண்டு மருந்தில் ஒழிந்துபோகும் என எதிர்பார்த்தல் பொருந்துமோ? மரத்திற்கு உரமும் நீரும் தந்து, உதிர்ந்த குரும்பைகளை அகற்றி, ஆண்டுதோறும் காத்துவருதலே உழவர்க்குரிய வழி. எழுபதினாயிரம் துளிகளை ஆராய்ந்தோரின் பொறுமையில் ஒரு பங்கேனும் தோப்பிற்கும் வேண்டும்.