மஞ்சள் பூசிய ஒன்பது நாட்கள்

எங்கள் வீட்டு அடுப்படியில் மஞ்சள் போத்தல் இல்லாத நாளை நான் கண்டதில்லை. சிறுவயதில் விழுந்து முழங்காலில் உரசுப்பட்டால் அம்மம்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவார். தடிமன், தொண்டை நோ என்றால் பாலில் மஞ்சளும் மிளகும் இட்டுக் காய்ச்சித் தருவார். எனது முதற் பிரசவத்தின் பின் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்த சரக்குக் கறியோடுதான் எனது உடம்பு தேறியது. 2020ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோதும், முற்றத்து ஓரத்தில் நான்கு கிழங்கை ஊன்றிச் சமாளித்தோம்.

அந்த நம்பிக்கையில்தான் மாமியின் காலில் கல்லுக் குத்திய காயத்துக்கும் மஞ்சள் பூசினேன். மாமிக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. சின்ன விரலுக்குக் கீழே சிறிய காயம்தான்.

"நோவில்லைப் பிள்ளை, மஞ்சளைப் போட்டுவிடு, ஆறிப்போகும்" என்றார் மாமி.

நோவில்லாததை நானும் நல்ல அறிகுறி என்றே எண்ணினேன். ஒன்பது நாட்கள் காலையும் மாலையும் பூசினேன். பத்தாம் நாள் பூசப் போகும்போது ஒரு கெட்ட மணம் வந்தது. கழுவிப் பார்த்தேன். விரல் கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை ஏசவில்லை; விளங்கப்படுத்தினார். நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால் காலில் நோ தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் காயம் ஆறாது. அடுப்படித் தூள் கிருமி நீக்கியதல்ல. அத்தோடு, அதன் நிறம் காயத்தின் சிவப்பையும் கறுப்பையும் மறைத்துவிட்டது. மாமியின் விரலை அகற்ற வேண்டியதாயிற்று.

"விரல்தானே பிள்ளை, கால் தப்பிவிட்டதே" என்று மாமிதான் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

சகோதரிகளே, மஞ்சளை நான் ஒதுக்கிவிடவில்லை. கறியிலும் பாலிலும் அது இன்றும் உண்டு. ஆனால் காயம் பட்டால் முதலில் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுகிறேன். துருப்பிடித்த ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்தினால் ஏற்பு ஊசி பற்றி உடனே விசாரிக்கிறேன். நெருப்புச் சுட்டால் மஞ்சளோ பற்பசையோ பூசாமல் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீரில் பிடிக்கிறேன். மஞ்சள் குளிசைகளை அளவின்றி விழுங்குவது ஈரலைப் பாதிக்கலாம். குருதி உறையாமைக்கு மருந்து எடுப்போரும் பித்தப்பைக் கல் உள்ளோரும் வைத்தியரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் நீரிழிவுள்ள ஒருவர் இருந்தால், ஒவ்வொரு இரவும் அவர் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் கண்டால் அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். இப்போது மாமியின் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்த பின்புதான் நான் படுக்கப் போகிறேன்.