ராத்திரி ஒண்ணரை மணி… ரெண்டு தடவை!

அக்டோபர் கடைசியில் லண்டன் போகிறவர்களுக்கு ஒரு இனாம் உண்டு. ஒரு மணி நேரம்! அந்த மாதத்துக் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு அடிக்கும்போது ஊரே முள்ளைப் பின்னுக்குத் தள்ளி ஒரு மணி ஆக்கிவிடுகிறது. ஒண்ணரை மணி அன்றைக்கு ரெண்டு தடவை வரும். மார்ச் கடைசி ஞாயிறு, ஒரு மணியிலிருந்து நேராக இரண்டுக்குத் தாவி, கொடுத்ததைப் பிடுங்கிக் கொள்வார்கள்.

போர்வைக்குள் இருப்பவனுக்கு இனாம், சரி. விழித்துக்கொண்டிருப்பவனுக்கு?

ஈஸ்ட் ஹாமில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். சரவணபவனில் பாதி, யாழ்ப்பாணத்தில் பாதி கலந்தாற்போல ஒரு பேட்டை. மாடி அறையில் குடியிருந்த நெல்லைப் பையன் எம்.எஸ்ஸி. படிக்கிறான். வெள்ளி, சனி ரெண்டு ராத்திரியும் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை. ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை. பத்தும் பத்தும் இருபது. அங்கேதான் சிக்கல்.

"ஸ்டூடண்ட் விசாவுக்கு வாரம் இருபது மணி நேரம்தான் அண்ணாச்சி. திங்கள்ல ஆரம்பிச்சி ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம். இந்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கும் காலையில ஏழுக்கும் நடுவுல பதினோரு மணி நேரம் இருக்கு. மொத்தம் இருபத்தொண்ணு ஆயிருமே!"

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"சொன்னேன். 'ஒன்பது டு ஏழு, பத்துன்னு போட்டுக்கோ, யார் பார்க்கப் போறா'ங்காரு."

கணக்கு புரிகிறதா சார்? உள்ளபடி எழுதினால் விசாவுக்கு ஆபத்து. பத்து என்று எழுதினால் ஒரு மணி நேரம் ஓசி உழைப்பு. எழுதாததனால் இருபத்தொண்ணு இருபதாகிவிடாது. விதிமீறலும் மிச்சம், கூலியும் போச்சு. முதலாளிக்கு மட்டும் எந்த வழியில் போனாலும் சௌகரியம்.

வழி சொன்னவர் சாயங்கால ஷிஃப்ட் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர், அவருக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. "நீர் பத்து மணிக்கு வாரும் தம்பி. ஒரு மணித்தியாலம் நான் கூட நிக்கிறன். எனக்குக் காசு, உமக்கு விசா!" முடிந்தது பஞ்சாயத்து.

வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். 2025 அக்டோபர் 26. கல்லா கம்ப்யூட்டரில் 1.59க்கு அப்புறம் சத்தமில்லாமல் 1.00 விழுந்தது. சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அது 2 என்று அடம் பிடித்தது. 1.40க்கு ஒருத்தர் பால் வாங்கிப் போனார். அவருக்கு வெகுநேரம் கழித்து வந்தவருடைய சிகரெட் பில்லில் 1.15!

இந்த ஒரு மணிக்குச் சம்பளம் கொடு என்று பிரிட்டனில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். மணிக் கூலிக்காரன் கேட்டு வாங்கலாம். மாதச் சம்பளக்காரனுக்குப் பெரும்பாலும் பட்டை நாமம். ஒரே பிடி, சம்பளத்தை உழைத்த மணிகளால் வகுத்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக்கூடாது. அமெரிக்காவில் விஷயம் நேர்: உழைத்த மணிக்குக் காசு. எட்டு மணி ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நவம்பரில் ஒன்பது மணிச் சம்பளம், மார்ச்சில் ஏழு. அங்கே ஆம்ட்ராக் ரயில்கூட, நவம்பரில் அந்த ராத்திரி சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் கிளம்பும்.

"மார்ச்சில் ஒரு மணி குறையுதே, சரிக்குச் சரி" என்று முதலாளிகள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்டோபரில் கண்விழித்தவனுக்கே மார்ச் ராத்திரியும் ட்யூட்டி விழ வேண்டுமே! அதற்குள் ரோஸ்டர் நாலு தடவை மாறியிருக்கும். கம்பெனிக்குத்தான் சரிக்குச் சரி. ஆளுக்கு இல்லை.

தரமணியில் ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டுகிறவர்களுக்கு இது வேறு ரூபத்தில் வரும். நியூயார்க் காலை ஒன்பது, கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறு கழிந்தால் 7.30. மணி நேரம் கூடுவதில்லை, கேப் வரும் நேரம்தான் மாறும். லண்டன் ஒரு வாரம் முந்திக்கொள்வதால், ரெண்டு ஊருக்கும் சேர்த்து மீட்டிங் போடுகிற டீம் லீடர் அந்த வாரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இத்தனைக்கும் மூலவர் யார்? மறுநாள் லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயில் ஏறி பெட்ஸ் வுட் போனேன். வில்லியம் வில்லெட் என்ற கட்டட கான்டிராக்டர் விடியற்காலையில் இந்தக் காட்டில் குதிரைச் சவாரி போவாராம். வெயில் வந்த பிறகும் ஜனங்கள் திரைச்சீலையை மூடித் தூங்குவதைப் பார்த்து வயிறு எரிந்து, 1907ல் ஒரு பிரசுரம் போட்டார். அவர் யோசனைப்படி, ஏப்ரலில் நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷம் முள்ளை முன்னால் தள்ள வேண்டும். நம்ம நெல்லைப் பையன் கதி என்ன ஆகியிருக்கும்! வில்லெட் 1915ல் காலமானார். மறு வருஷம், யுத்தத்துக்காக முதலில் ஜெர்மனி, பிறகு மே மாதம் பிரிட்டன் என்று அவர் ஆசை நிறைவேறியது.

ஸ்டேஷன் பக்கத்தில் அவர் நினைவாக 'டேலைட் இன்' என்று ஒரு மதுக்கடை. காட்டுக்குள் கல்தூணில் ஒரு சூரியக் கடிகாரம், 1927ல் வைத்தது. கோடை நேரத்துக்கென்றே செதுக்கியிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அது ஊரைவிட ஒரு மணி முந்தியே காட்டும். நான் போனபோது மேகமூட்டம். அது எந்த மணியும் காட்டவில்லை.