பனை உழவாரனின் தூரத்து உறவு

செம்பருத்திப் பூவின் அடியைத் துளைத்துத் தேன் குடிக்கும் சின்னஞ்சிறு பறவையைக் கண்டால் எங்கள் மாணவர்கள் 'ஹம்மிங் பேர்ட்' என்கிறார்கள். அது தேன்சிட்டு. ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தும் ஒன்றுகூட நம் பக்கம் வாழ்வதில்லை. கியூபாவில் வாழும் தேனீச் சிட்டுக்கு இரண்டு கிராம் எடைகூடத் தேறாது. உலகின் மிகச் சிறிய பறவை அதுதான்.

இரண்டும் ஒத்திருப்பதற்குக் காரணம் குலமன்று, தொழில். பூவின் ஆழத்திலிருந்து தேனெடுக்கும் வாழ்வு இரண்டுக்கும் நீண்ட அலகைத் தந்திருக்கிறது. ஆயினும் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே உண்ணும். ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்று உண்ணும், பின்னோக்கியும் பறக்கும்.

அப்படியானால் ரீங்காரச் சிட்டுக்கு இங்கே உறவே இல்லையா? இருக்கிறது. பூவைத் திரும்பியும் பாராத, புகைநிறமான, அரிவாள் போன்ற சிறகுடைய பனை உழவாரன்தான் அது. பறவையியலார் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். கால்கள் மிகச் சிறியவை. கிளையில் அமர இயலாது, செங்குத்தாகத் தொற்றிக்கொள்ளத்தான் முடியும். பறந்தபடியே பூச்சி பிடிக்கும்.

அதன் கூட்டைப் பற்றிச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. பனையோலையின் அடிப்புறத்தில், இறகுகளைத் தன் எச்சிலால் ஒட்டிச் சிறு கிண்ணம் செய்கிறது. காற்றில் ஓலை ஆடும்போது விழாதிருக்க முட்டைகளையும் எச்சிலாலேயே ஒட்டிவைக்கிறது! ஏட்டுச்சுவடிகளால் வாழ்ந்த ஓர் இலக்கியத்தைக் கற்பிப்பவன் நான். ஓலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதை நாற்பது வயதுக்குமேல்தான் அறிந்தேன்.

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பாலாற்றை ஒட்டிய தோல் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆற்றுநீரைப் பற்றியே பேசுகிறோம். அது நியாயமே, 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த வழக்கல்லவா. பனைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1978இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் மனைக்கல் நட்ட நிலத்தில் ஐந்து பனைகள் நின்றன. இப்போது மூன்று நிற்கின்றன. மாலையில் உழவாரன்கள் அந்த மூன்றையும் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கின்றன. செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைக் காட்டச் சொல்லும் மாணவர்களை இப்போதெல்லாம் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்கிறேன்.