சொட்டும் பெட்ரோலும் ஓடும் ஆறும்

கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் ஐயாறு புளியஞ்சோலையில் ஓடுகிறது. அதன் கரையில் வண்டியை நிறுத்துவோர் பலர். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரிலிருந்து மண்ணில் சொட்டும் பெட்ரோல், மழை பெய்தால் அந்நீரையே சென்றடையும். சொட்டுத்தானே என்று விட்டுவிடுகிறோம்.

ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. தண்ணீருக்கே இக்கணக்கென்றால், தீப்பற்றக்கூடிய எரிபொருளுக்கு என்ன கணக்கு? பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்றும் கற்றிருக்கிறோம்.

வாப்பா விட்டுச்சென்ற வண்டியிலும் இக்கசிவு வந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, ஊசியை அழுத்திப் பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டும். ஊசிமுனை தேய்ந்தாலோ, அது அமரும் துளையில் தூசி தங்கினாலோ, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தாலோ வரத்து நிற்காது; மிஞ்சியது ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியேறும்.

என்ஜின் ஆறியபின், திறந்த வெளியில், பெட்ரோல் டேப்பை அடைத்துக் கிண்ணத்தைக் கழற்றினேன். மிதவையைக் குலுக்கினேன்; உள்ளே ஒலியில்லை. ஊசிமுனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தது. புதிய ஊசியும் கேஸ்கெட்டும் பொருத்தியதும், அல்ஹம்துலில்லாஹ், கசிவு நின்றது. டப்பாவில் பிடித்த பெட்ரோலை மண்ணில் கொட்டாமல், வடிகட்டி டேங்கில் ஊற்றினேன்.

பிஎஸ் 6 விதிமுறை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழைய வண்டி வைத்திருப்போரின் பொறுப்பு மறையவில்லை. புளியஞ்சோலைக்குப் புறப்படுமுன் ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால், சரிசெய்த பிறகே பயணம், இன்ஷா அல்லாஹ்.