தனி டம்ளர்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் ஒரு டம்ளர் உண்டு. பெரியம்மா பெண், என் அக்கா, வரும்போது மட்டும் அது கீழே இறங்கும். காரணத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. காலமான கணவர் வழியாக அவளுக்கு வந்தது ஹெச்.ஐ.வி. கிருமி. பல வருஷங்களாகத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஆபீஸுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள்.

திடீரென்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புற்று! "ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்றார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும், "இங்கே வசதி போதாது, வேறிடம் பாருங்கள்" என்றார்கள். இப்படித் தட்டிக் கழிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாங்கள் வழக்காடும் வரையில் புற்று காத்திருக்குமா?

வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த சர்ஜன் இரண்டு கணக்குகளை முக்கியமாகக் கேட்டார்: ரத்தத்தில் கிருமி எவ்வளவு? நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் எவ்வளவு? கிருமி, பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கியிருந்தது. அணுக்களும் போதுமான அளவு இருந்தன. "அப்புறம் என்ன? மற்றவர்களுக்குச் செய்கிற அதே ஆபரேஷன்தான்" என்றார்.

"உங்களுக்குப் பயமில்லையா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "மருந்தே சாப்பிடாத நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, ஆயிரம் தடவையில் ஏறக்குறைய மூன்று தடவைதான் தொற்றும். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் அதுவும் குறையும். கையுறை எல்லா நோயாளிகளுக்கும் ஒன்றுதான், அம்மா."

டம்ளரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டம்ளரால் தொற்றாது என்று பத்திரிகையில் எழுதியவளே நான்தானே!

முன்னும் பின்னும் புற்றுக்கான மருந்து ஏற்றினார்கள். நடுவே இரைப்பை முழுவதையும் எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலுடன் இணைத்தார்கள். இரைப்பையின் அமிலம் இல்லாவிட்டால் சில ஹெச்.ஐ.வி. மாத்திரைகள் உடம்பில் சரியாகச் சேரா. அவளுடையது அந்த வகையல்ல. ஆனாலும் கிருமி தலைதூக்குகிறதா என்று அடிக்கடி பார்க்கிறார்கள். பி12 சத்துக்கு ஆயுள் முழுவதும் ஊசி. தினம் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு.

போன வாரம் வந்திருந்தாள். அரை இட்லி சாப்பிட்டாள். காபி கலந்த அம்மாவின் கை, பழக்கதோஷத்தில் மேல் தட்டுக்குப் போயிற்று. நான் அந்த டம்ளரை வாங்கி, என் காபியை அதில் ஊற்றிக்கொண்டேன். என் டம்ளரை அக்காவிடம் நீட்டினேன்.

"அது என்னுடைய டம்ளர் ஆச்சேடி!" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

அவள் நிதானமாகக் குடித்தாள். எனக்குத்தான் காபி தொண்டையில் இறங்கவில்லை.